கனமான கெட்டில்பெல் சுவிங்: எங்கே நோகிறது என்பதை வைத்துப் பிழை நீக்கல்

கெட்டில்பெல், சுருக்கமாகப் பெல், என்பது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதைக் கவட்டுக்கூடாகப் பின்னே விட்டு, இடுப்பின் உந்தலால் முன்னே வீசுவதுதான் சுவிங். 16 கிலோவில் ஒழுங்காகத் தெரிந்த சுவிங், 32 கிலோவில் குழம்புகிறதா? அந்தப் பிழை 16இலேயே இருந்திருக்கும். சின்ன எடை பொறுத்துக்கொண்டது, பெரிய எடை பொறுக்கவில்லை. இதில் இன்னொரு சங்கடம், நோகிற இடமும் பிழை நடக்கிற இடமும் அநேகமாக வேறு வேறு. பெல் விழும்போது முந்திக் குனிந்தால் நாரி நோகும். இடுப்பு சோம்பினால் தோள் எரியும். அதனால்தான் நாரி நோகிறவர் நாரிக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதே சுவிங்கை மாதக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார்.

கனம் என்று இங்கே சொல்வது, இரண்டு கையாலும் பிடித்துச் சுவிங் செய்யும் எடை உங்கள் உடல் எடையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதை. 70 கிலோ ஆளுக்கு 24 முதல் 32 வரை. 55 கிலோ பெண்ணுக்கு 20 அல்லது 24. நோக்கம் வலு, அதாவது குறைந்த நேரத்தில் அதிக விசை. வியர்ப்பதற்கும் மெலிவதற்கும் செய்யும் நீண்ட சுவிங் வேறு கதை.

முதலில் ஒரு வீடியோ

கண்ணாடி பார்த்துத் திருத்தாதீர்கள். தலையைத் திருப்பினாலே சுவிங் மாறிவிடும். போனை ஒரு கதிரையில் இடுப்பு உயரத்துக்கு வைத்து, 3 மீற்றர் தள்ளி, சரியாகப் பக்கவாட்டிலிருந்து 5 சுவிங் படம் எடுங்கள். ஸ்லோ மோஷன் இருந்தால் நல்லது. பிறகு இரண்டு இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

பெல் முழுக்கப் பின்னால் போன கணம்: முன்கைகள் உள்தொடையில் ஒட்டியிருக்க வேண்டும். கைப்பிடி முழங்காலுக்கு மேலே, கவட்டுக்குக் கிட்ட. முழங்காலுக்குக் கீழே கால் ஏறக்குறைய நேர்க்குத்தாக, முதுகு பலகை மாதிரி. உச்சிக் கணம்: முழங்கால் நீண்டு, பிட்டம் இறுகி, கணுக்காலிலிருந்து காது வரை ஒரே கோடு. பெல் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் இடையில் எங்காவது ஒரு கணம் பாரமில்லாமல் மிதக்க வேண்டும். கனமான எடையில் அது கண் உயரத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

அறிகுறி: நாரி நோகிறது

எப்போது நோகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெல் கீழே வரும்போது நோகிறதென்றால், இடுப்பு முந்திக்கொள்கிறது. பெல் உச்சியிலிருந்து விழத் தொடங்கியதுமே உடம்பும் சேர்ந்து குனிகிறது. அப்போது பெல் முழங்காலுக்குக் கீழே, நிலத்தை உரசுகிற மாதிரிப் போய் வரும். இடுப்பு மூட்டிலிருந்து அது தள்ளிப்போகப் போக, அதை மீட்டெடுக்க முதுகுத் தசை நெம்புகோலின் தவறான முனையில் வேலை செய்கிறது. வீடியோவில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கை கிடையாக இருக்கும்போதே தலை தாழத் தொடங்கியிருந்தால் இதுதான் பிழை.

திருத்தம், காத்திருப்பது. பெல் விழட்டும், நீங்கள் நிமிர்ந்தே நில்லுங்கள். மேற்கை விலாவில் வந்து ஒட்டி, முன்கை கவட்டில் இடிக்கப் போகிறது என்று மனம் பதறும் கணத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பெரிய எடையில் இந்தப் பதற்றத்தைப் பழக முடியாது. 16 கிலோவில் 5 சுவிங்காக 6 செற் (செற் என்பது ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு தொகுதி), இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள்.

உச்சியில் நோகிறதென்றால், பின்னுக்குச் சாய்கிறீர்கள். பிட்டம் முடிக்க வேண்டிய வேலையை வயிற்றை முன்னுக்குத் தள்ளி முதுகெலும்பு முடிக்கிறது. உச்சியில் "ட்ஸ்" என்று குறுகிய மூச்சை விடுங்கள், விலா தானாக இறங்கும். நடுச்செற்றில் யாராவது வயிற்றில் விரலால் குத்தினால் அது கல்லாக இருக்க வேண்டும்.

முதல் சுவிங்கில் மட்டும் நோகிறதென்றால், பெல்லைக் குதிகாலுக்கு நடுவில் வைத்துத் தூக்கிவிட்டு ஆட்டத் தொடங்குகிறீர்கள். பெல் பெருவிரலிலிருந்து 30 சென்ரிமீற்றர் முன்னே இருக்கட்டும். கைப்பிடியை உங்கள் பக்கம் சரித்துப் பிடித்து, அக்குளை இறுக்கி, கவட்டுக்கூடாகப் பந்தைப் பின்னால் எறிவதுபோல் பலமாக இழுத்தெறியுங்கள். பின்னே பலமாகப் போனால்தான் முன்னே பலமாக வரும்.

கடைசியில் நோகிறதென்றால், முடிந்துவிட்டதே என்று முதுகை வளைத்துக் கைவிடுகிறீர்கள். கடைசிச் சுவிங்கும் பின்னே போய், திரும்பி வரும்போதுதான் முன்னால் நிலத்தில் வைக்கப்பட வேண்டும்.

அடுத்த நாள் காலையில் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி மொத்தையாக இறுகி, ஓரிரு நாளில் விட்டுப்போகும் நோவு தசைக் களைப்பு. செற்றைக் குறையுங்கள். ஆனாலும் பிட்டத்தையும் பின்தொடையையும் விட நாரி அதிகம் நோகிறதென்றால் முன்சொன்ன பிழைகளில் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற மாதிரி வலி, காலுக்கு இறங்கும் வலி, விறைப்பு என்றால் சுவிங்கை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். கவட்டுப் பகுதி விறைத்து உணர்வற்றுப்போனாலோ சிறுநீர் மலம் கட்டுப்படாவிட்டாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நோகிறவர்கள் உண்டு. 2012இல் வெளியான ஒரு கனேடிய ஆய்வில், 16 கிலோ சுவிங்கிலேயே கீழ் முள்ளந்தண்டில் ஏறக்குறைய 3,200 நியூட்டன் அழுத்தம் கணிக்கப்பட்டது. அதோடு முள்ளெலும்பைப் பின்னோக்கி வழுக்கச் செய்கிற விசையும் சேர்ந்திருந்தது. சாதாரணமாக நிலத்திலிருந்து பாரம் தூக்கும்போது வரும் விசைக்கு அது எதிர்த் திசை. 120 கிலோ டெட்லிஃப்ட் (நிலத்திலிருக்கும் பாரத்தைப் பிடித்து நிமிர்ந்து தூக்குவது) நோவில்லாமல் செய்கிற ஒருவருக்கு 24 கிலோ சுவிங் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால் இருக்கலாம். அப்படிப்பட்டவர் டெட்லிஃப்டோடு நின்றுகொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

இடுப்பு மடிப்பே வராதவருக்கு இரண்டு சோதனைகள். தும்புத்தடியின் பிடியை முதுகோடு நீளமாகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு ஆகிய மூன்றிலும் தடி பட வேண்டும். குனியும்போது ஒன்றாவது விலகினால் மடிவது இடுப்பல்ல, முதுகு. அடுத்து, சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு பாத நீளம் தள்ளி நின்று, முழங்காலைக் கொஞ்சமே மடித்துப் பிட்டத்தால் சுவரைத் தொடுங்கள். 10 தரம். பிறகு ஒரு அங்குலம் முன்னே போய் இன்னும் 10.

கொழும்புக் கோட்டையில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து, பிறகு காலி வீதி நெரிசலில் பஸ்ஸிலும் ஒரு மணித்தியாலம் மடங்கி இருந்துவிட்டு நேரே 32ஐத் தூக்குவது நாரிக்குச் செய்யும் துரோகம். தொடை முன்பக்கம் இறுகிக் கிடப்பதால் உச்சியில் இடுப்பு முழுதாக நீளாது, மிச்சத்தை முதுகு நீட்டிக் கொடுக்கும். ஒரு முழங்காலை ஊன்றி இடுப்பை முன்தள்ளும் நீட்டல் பக்கத்துக்கு 30 செக்கன், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 10, வெறுங்கை மடிப்பு 10, 16 கிலோவில் 10 சுவிங். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அறிகுறி: தோளும் கழுத்தும் எரிகின்றன

கையால் தூக்குகிறீர்கள். சுவிங்கில் கை வெறும் கயிறு. சோதிக்க, 12 அல்லது 16 கிலோ பெல்லின் கைப்பிடிக்குள் ஒரு தடித்த துவாயைக் கோர்த்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துச் சுவிங் செய்யுங்கள். உச்சியில் துவாயும் பெல்லும் கையின் நேர்கோட்டிலேயே நீண்டு நின்றால் விசை இடுப்பிலிருந்து வருகிறது. துவாய் மடங்கிப் பெல் தொங்கினால் கை தூக்குகிறது. முன்னாலும் பின்னாலும் ஆளில்லாத இடத்தில் செய்யுங்கள், துவாய் வழுக்கும்.

கழுத்து மட்டும் இறுகுகிறவர்கள் குனியும்போதும் எதிர்ச்சுவரையே பார்க்கிறார்கள். உச்சியில் நேரே, அடியில் இரண்டு மீற்றர் முன்னாலுள்ள நிலத்தைப் பாருங்கள்.

அறிகுறி: பெல் ஆளை முன்னுக்கு இழுக்கிறது

குதிகால் கிளம்புகிறது, அல்லது ஒவ்வொரு சுவிங்குக்கும் அரை அங்குலம் நகர்கிறீர்கள். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று அக்குள் திறந்திருப்பது. உச்சியில் தோள்கள் பெல்லோடு போய்விடுகின்றன. இரண்டு அக்குளிலும் பத்திரிகைத் தாள் ஒன்றை மடித்து இடுக்கிக்கொண்டு 16இல் 5 சுவிங் செய்யுங்கள், விழக்கூடாது.

மற்றது சப்பாத்து. ஓடுவதற்கான தடித்த நுரை அடி கனமான எடையில் மெத்தைமேல் நிற்பது போலாகிவிடும். வெறுங்கால் நல்லதுதான், ஆனால் வியர்வை சொட்டிய மாபிள் தரையில் அது வேறு ஆபத்து. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற தட்டையடி வெள்ளைக் கான்வஸ் சப்பாத்தே போதும். விலையுயர்ந்த பயிற்சிச் சப்பாத்துகளைவிட அது பல நேரம் நன்றாக நிற்கும்.

அறிகுறி: முழங்கால் நோகிறது, முன்தொடை எரிகிறது

இருந்து எழும்புகிறீர்கள், மடியவில்லை. சுவிங்கில் முழங்கால் முன்னே போகக்கூடாது, பிட்டம் பின்னே போக வேண்டும். முழங்காலுக்கு முன்னால் தொட்டும் தொடாமலும் ஒரு கதிரையின் இருக்கை நுனியை வைத்து, வெறுங்கையால் மடிந்து பாருங்கள். கதிரை தள்ளப்பட்டால் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: கைப்பிடி வழுக்குகிறது, தோல் கிழிகிறது

கொழும்பில் இது பிடிப் பலத்தின் குறைபாடு என்று முடிவுகட்ட முன் காற்றின் ஈரத்தைக் கணக்கில் எடுங்கள். இங்கே வியர்வை காயாது. மூன்றாவது செற்றில் முழங்கையிலிருந்து வழிந்து மணிக்கட்டுக்கு வரும். ஒவ்வொரு செற்றுக்கும் முன் கையை மட்டுமல்ல, முன்கை முழுவதையும் துடையுங்கள். கைப்பிடிக்கு வேறு துவாய் வைத்திருங்கள். மின்விசிறி பக்கத்திலிருந்து அடிக்கட்டும்.

மக்னீசியம் சோக் உதவும், கொஞ்சமாகப் போட்டால். அள்ளிப் பூசினால் வியர்வையோடு குழைந்து பசையாகி, இரண்டு செற்றில் முன்னையைவிட வழுக்கும். பள்ளிக்கூடச் சோக் வேறு பொருள், பிரயோசனமில்லை. முகப் பவுடர் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். டால்க் உராய்வைக் குறைக்கிற பொருள். அதைப் பூசிக்கொண்டு 32 கிலோவைச் சுவிங் செய்வது எதிரே உள்ள பல்கனிக் கண்ணாடிக்குக் குறிபார்ப்பதுதான்.

கைப்பிடியையும் பாருங்கள். மினுங்குகிற எனாமல் பெயின்ற் பூசிய பிடி வறண்ட நாட்டில் பரவாயில்லை, இங்கே சவர்க்காரக் கட்டி. 120ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும்வரை தேய்த்துவிடுங்கள். பிடியின் அடிப்பக்கத்தை ஒரு பருத்தித் துணியால் தடவுங்கள். நூல் சிக்கினால் வார்ப்புத் தையல், அதாவது வார்ப்பு அச்சின் இரு பாதியும் சேர்ந்த கோடு, துருத்திக்கொண்டிருக்கிறது, அரத்தால் ராவிவிட வேண்டும். தோல் கிழிவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தையல்தான். மீதிக் காரணம் உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடிப்பது. உச்சியில் பிடி உருளும்போது உள்ளங்கைத் தோலை அது மடித்து நசுக்கும். விரல்களின் அடிக்கண்ணில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளுங்கள். குளித்தபின் காய்ப்பை நுரைக்கல்லால் தேய்த்துத் தட்டையாக வைத்திருங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்று வார்ப்பிரும்பைச் சில வாரங்களிலேயே துருப்பிடிக்க வைக்கும். குண்டுப் பகுதிக்கு மெல்லியதாக மெஷின் எண்ணெய் பூசலாம், பிடிக்கு ஒருபோதும் கூடாது. துருவை வயர் பிரஷால் உரசி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மலிவு என்று சீமெந்து நிரப்பிய பிளாஸ்ரிக் பெல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 8, 12 கிலோவுக்குப் பரவாயில்லை. 24இல் அது பூசணிக்காய் அளவு வந்துவிடும். கவட்டுக்குள் போக இடம் கேட்கும், நீங்கள் காலை அகட்டுவீர்கள், சுவிங் கெடும். கீழே வைக்க வைக்கக் கோதும் வெடிக்கும்.

அறிகுறி: நோவில்லை, ஆனால் வலுவும் கூடவில்லை

அநேகமாகச் செற் நீளம் கூடிவிட்டது. 20 சுவிங் செய்கிற செற்றில் முதல் சில மட்டும் வலுப் பயிற்சி, மிச்சம் மூச்சுப் பயிற்சி. களைக்கும்போது பெல் தாழ்வாக மிதக்கும். பாதை குறுகுவதால் வேகம் குறைந்ததுபோலத் தெரியாது, சிலவேளை எண்ணிக்கை இன்னும் சுறுசுறுப்பாகவே போகும். ஆகவே கடிகாரத்தை நம்பாமல் உயரத்தைப் பாருங்கள். முதல் செற்றில் பெல் வந்த உயரத்துக்குப் பக்கச்சுவரில் ஒரு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டிப் படம் எடுங்கள். ஒரு கை அகலம் தாழ்ந்த அந்தச் சுவிங்கோடு அன்றைய வேலை முடிந்தது, திட்டத்தில் இன்னும் நான்கு செற் எழுதியிருந்தாலும்.

வேலை செய்கிற ஒரு ஒழுங்கு: வாரத்தில் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. முதல் நாள் 32 கிலோ, ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 5 சுவிங், 10 நிமிடம், மொத்தம் 50. ஐந்து சுவிங் ஏழெட்டுச் செக்கனில் முடிந்துவிடும், மீதி நேரம் ஓய்வு. சும்மா நிற்க வெட்கப்பட வேண்டாம், வலு அந்த ஓய்வில்தான் காப்பாற்றப்படுகிறது. இரண்டாம் நாள் 24 கிலோ, நிமிடத்துக்கு 10, 10 நிமிடம், ஒவ்வொன்றும் முழு வெடிப்போடு. இரண்டு வாரத்துக்கு ஒருதரம், சுவரோரம் நின்று பாய்ந்து விரல் நுனிச் சோக்கால் ஒரு அடையாளம் போடுங்கள். பெல்லின் எடை ஏறியும் அந்த அடையாளம் ஏறவில்லையென்றால் களைப்பைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கனம்தான் எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் 16, 24, 32 கிலோ மூன்றையும் ஒப்பிட்டார்கள். உடம்பு தரையில் செலுத்தும் விசையும் வலுவும் 32இல் உச்சம், ஆனால் பெல்லின் வேகம் 16இல்தான் உச்சம். அதே வருடம் வெளியான அவர்களுடைய மற்ற ஆய்வில் எடை வெறும் 12 அல்லது 16 கிலோ. 30 செக்கன் சுவிங், 30 செக்கன் ஓய்வு, 12 சுற்று, வாரம் இரண்டு நாள், ஆறு வாரம். பாய்ச்சல் உயரம் சராசரியாக ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. லேசான நாளைக் கைவிடாதீர்கள்.

அறிகுறி: 24 லேசு, 32 அசையவில்லை

பழைய ரஷ்ய அளவான பூட் 16.38 கிலோ. 16, 24, 32 என்ற படிகள் ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட்டிலிருந்து வந்தவை. சந்தைத் தராசுக்கு வசதியான அந்தப் படி உடம்புக்கு வசதியில்லை. 24இலிருந்து 32 மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். 28 கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 24இல் செய்யும் பத்துச் செற்றில் 3ஆவதையும் 7ஆவதையும் மட்டும் 32இல், 5 சுவிங்காகச் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு செற் மாற்றினால் இரண்டு மாதத்தில் பத்தும் 32 ஆகிவிடும். 24இல் 10 தர 10 ஒரே உயரத்தில் வராதவர் இதைத் தொடங்கவே வேண்டாம்.

அறிகுறி: தலைச்சுற்று, கண் இருட்டல்

மூச்சை அடக்கிக்கொண்டு செற் முழுவதையும் முடிக்கிறீர்கள். உச்சிக்கு ஒரு மூச்சு விட்டு, பெல் விழும்போது மூக்கால் இழுங்கள். செற் முடிந்ததும் குந்தாமல், சாயாமல் நடவுங்கள். வெக்கையும் ஒரு காரணம். பங்குனி, சித்திரையில் காலை 7 மணிக்கு முன் முடியுங்கள். அதிகம் வியர்க்கிறவர் வெறும் தண்ணீருக்குப் பதில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும் கனமான எடையையும் வைத்தியரைக் கேட்டபிறகுதான் தொட வேண்டும். நெஞ்சில் இறுக்கம் வந்தால் பயிற்சி அத்தோடு நிற்க வேண்டும், நேரே வைத்தியசாலை.

அறிகுறி: கீழ்வீட்டார் கதவைத் தட்டுகிறார்

தொடர்மாடியில் இதையும் பிழைப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். சுவிங் சத்தமில்லாத பயிற்சி. சத்தம் வைக்கும்போதுதான். 20 மில்லிமீற்றர் றபர் விரிப்பு, அதன்மேல் பழைய கால்மிதியை இரண்டாக மடித்து, பெல் வந்து குந்தும் இடத்தில் போடுங்கள். நிற்கும் இடத்தில் போட வேண்டாம், கால் ஆடும். மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் மழைக்குப் பின் பாசி பிடித்த தரையைக் கால் விரலால் உரசிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மாடி விளிம்புக்கு முகத்தையோ முதுகையோ காட்டி நிற்காதீர்கள், பக்கவாட்டாக நில்லுங்கள். கை விட்டால் பெல் போவது முன்னாலோ பின்னாலோதான்.